1970 சனவரி மூன்றாம் நாள்

2025-ஆம் ஆண்டு தீபாவளி விடுமுறை முடிந்து நாம் பணியாற்றும் கல்லூரி மீண்டும் திறந்தது அக்டோபர் 22, புதன்கிழமை. கணினி ஆய்வகத்தை ஒட்டிய சிறிய அறையில் யுபிஎஸ்ஸுக்கான மின்கலங்கள் பன்னிரண்டு இருந்திருக்க வேண்டும். நான்குதான் இருந்தன. மற்ற எட்டும் இருந்த இடத்தில் தூசி படியாத எட்டுச் சதுரங்கள். பூட்டு உடைக்கப்படவில்லை.

கண்காணிப்புக் கேமராக்களைப் பார்ப்பது என்று முடிவாயிற்று. வளாகத்தில் எட்டுக் கேமராக்கள். எட்டும் வலைக்கம்பி வழியாக அலுவலக அறையின் அலமாரியில் இருக்கும் ஒரு பதிவுப் பெட்டியில் போய்ச் சேர்கின்றன. அலுவலகக் கணினியில் ஒரு நாட்காட்டி தெரியும். பதிவு உள்ள நாளின் அடியில் நீலப் புள்ளி இருக்கும். அக்டோபர் 18, சனிக்கிழமை இரவு வரை பதிவு இருந்தது. 19, 20, 21 ஆகிய மூன்று நாள்களுக்கும் புள்ளி இல்லை. 22-ஆம் தேதி காலை 9.10-க்கு மறுபடியும் தொடங்கியது.

பெட்டி இருக்கும் அறையின் சாவி விடுமுறை நாள்களில் காவலாளியிடம் இருக்கும். ஆகவே கணக்கு எளிதாகிவிட்டது. பெட்டியை நிறுத்தியவர் அவர், நிறுத்தியது மறைப்பதற்காக, மறைத்தது களவை. பார்க்க ஒரு காட்சிகூட இல்லாமல், காட்சி இல்லாததையே காட்சியாகக் கொண்டு வழக்கு முடிந்துவிட்டது. அக்டோபர் 27, திங்கட்கிழமை கூடிய மூவர் விசாரணைக் குழுவில் நாமும் ஒருவர். தமிழாசிரியருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கலாம். நம் கல்லூரியில் முதன்முதலாக ஒருங்குறியில் தட்டச்சு செய்யக் கற்றுக்கொண்டவர் என்ற புகழ் இன்னும் மங்கவில்லை. அதனால் மின்சாரத்தில் ஓடும் எதில் கோளாறு என்றாலும் கூப்பிடுவார்கள். குழுவின் மேசைமேல் ஒரு புகார்க் கடிதம் தட்டச்சாகித் தயாராக இருந்தது. அதில் காவலாளியின் பெயர் இருந்தது. காவல் நிலையத்தில் கொடுத்துவிட்டால் "அவர்கள் விசாரிக்கிற விதத்தில் விசாரித்துக்கொள்வார்கள்" என்றார் குழுவினர் ஒருவர். தீய எண்ணத்தோடு சொல்லவில்லை. நாமெல்லாம் வழக்கமாகச் சொல்லும் சொற்றொடர்தான் அது.

பெரியவர் திருப்புவனத்துக்கு அப்பால் ஒரு சிற்றூரிலிருந்து பேருந்தில் வருகிறவர். அந்தச் சொற்றொடர் நமக்கு உறைத்தது அதனால்தான். அதற்கு நான்கு மாதங்களுக்கு முன்பு, 2025 சூன் இறுதியில், திருப்புவனத்தை அடுத்த மடப்புரம் காளி கோயிலில் காவலாளியாக இருந்த அஜித்குமார், கோயிலுக்கு வந்த ஒருவரின் காரில் இருந்த நகை காணவில்லை என்ற புகாரில் காவலர்களால் விசாரிக்கப்பட்டார். சூன் 28 அன்று இறந்துபோனார். கோயிலுக்குப் பின்புறம் அவர் அடிக்கப்படுவதை ஒருவர் மறைந்திருந்து கைப்பேசியில் படம்பிடித்திருந்தார். மேலூர் சாலையில் உள்ள உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் முன் அந்தச் சில விநாடிகள் வைக்கப்பட்டன. கோயில் கேமராக்களின் பதிவையும் நீதிமன்றம் கேட்டது. காவலர்கள் கைதானார்கள், வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்குப் போயிற்று. மதுரையிலிருந்து கிழக்கே முக்கால் மணிப் பேருந்துப் பயணத்தில் இருக்கிற ஊர் அது. அந்தக் கோயிலும் பச்சை வயலும் வைகை மணலும் நமக்குப் பழக்கமானவை.

வெள்ளிக்கிழமை வரை அவகாசம் கேட்டோம். பதிவுப் பெட்டியின் நிர்வாகிக் கணக்கைத் திறந்தால், எப்போது நின்றது, யார் நிறுத்தியது என்ற குறிப்பு உள்ளே இருக்கும். அதைப் பார்த்துவிட்டுக் கடிதத்தை அனுப்பலாம் என்றோம். ஒப்புக்கொண்டார்கள்.

சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. நிர்வாகிக் கடவுச்சொல் யாருக்கும் தெரியவில்லை. கேமராக்களைப் பொருத்தியவர் வேலை தேடி வெளிநாடு போய்விட்டாராம். டவுன்ஹால் ரோட்டுப் பக்கத்திலிருந்து ஓர் இளைஞர் வந்தார். பை நிறையக் கம்பிகள், ஒரு மடிக்கணினி, காதில் பேனா. முதல் வேலையாக 'அட்மின், 12345' என்று அடித்துப் பார்த்தார். திறக்கவில்லை. "பழைய பெட்டியா இருந்தா இதுலயே திறந்திடும் சார்" என்றார்.

திறக்காதது ஒரு விதத்தில் நல்லதுதான். 2016-இல் 'மிராய்' என்றொரு நச்சுநிரல் உலகத்தைச் சுற்றி வந்தது. சப்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்கு 'எதிர்காலம்' என்று பொருள். ஆலையிலிருந்து வரும்போது இருந்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் தேடிப் பிடித்து, அவற்றைப் படையாகத் திரட்டியது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று அந்தப் படை ஒரு பெயர்வழங்கி நிறுவனத்தின்மேல் பாய்ந்ததில் அமெரிக்காவில் ட்விட்டர் உள்ளிட்ட பல தளங்கள் மணிக்கணக்கில் முடங்கின. இதில் நமக்குப் பிடித்த விவரம் ஒன்று உண்டு. மிராய் நினைவகத்தில் மட்டுமே குடியிருக்கும். கேமராவை அணைத்துப் போட்டால் அழிந்துவிடும். ஆனால் கடவுச்சொல்லை மாற்றாவிட்டால் சில நிமிடங்களிலேயே மறுபடியும் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதன்பிறகுதான் தயாரிப்பாளர்களுக்குப் பொதுவாக விழிப்பு வந்தது. புதுப் பெட்டிகளில் முதல் நாளிலேயே நாமே ஒரு கடவுச்சொல்லை வைத்தாக வேண்டும். வைத்தவர் ஊரைவிட்டுப் போனால் அதுவும் கூடவே போய்விடுகிறது.

நிற்க. நம் பெட்டியில் மீட்டமைக்கும் பொத்தானே இல்லை. தயாரிப்பாளர் வைத்திருக்கும் வழி வேறு. பெட்டியிலிருந்து ஒரு கோப்பை எடுத்து அவர்களுக்கு அனுப்ப வேண்டும்; அவர்கள் அதற்கு விடையாக இன்னொரு கோப்பை அனுப்புவார்கள்; அதை ஊட்டினால் புதுக் கடவுச்சொல் கேட்கும். ஒரே நிபந்தனை: கேட்டதற்கும் விடை வருவதற்கும் இடையில் பெட்டி ஒருமுறைகூட அணையக்கூடாது. அணைந்தால் பழைய கேள்வி செத்துவிடும், வரும் விடை அதற்குப் பொருந்தாது. செவ்வாய்க்கிழமை காலையில் கோப்பை அனுப்பினோம். மாலையில் மழை, மின்சாரம் போயிற்று. யுபிஎஸ்ஸில் மின்கலம் இல்லை. (இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.) இரவு வந்த விடையை ஊட்டினோம். 'மீட்டமைக்க இயலவில்லை' என்றது பெட்டி. புதன்கிழமை இரண்டாம் முறை அனுப்பினோம். மதியம் இருபது நிமிடம் மின்வெட்டு. மறுபடியும் அதே வாசகம்.

இதற்கிடையில் இன்னொரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கேமரா விநாடிக்கு 2 மெகாபிட் அளவில் பதிந்தால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 21 கிகாபைட் ஆகிறது. எட்டுக் கேமராக்களுக்கு 170-க்கு மேல். பெட்டியில் இருந்தது 2 டெராபைட் வன்தட்டு. பதினொன்றரை நாளில் நிரம்பிவிடும். நிரம்பியதும் மிகப் பழையதை அழித்து அதன்மேல் புதியதை எழுதும். பிளாட்பாரத்துக் கரும்பலகை போல. சனிக்கிழமை இரவு நடந்தது எதுவானாலும், அதன் தடயம் ஒருவேளை உள்ளே கிடந்தாலும், அது அழிய அதிக நேரம் இருக்கவில்லை. அதைக் காப்பாற்றப் பெட்டியை அணைக்க வேண்டும். விடைக் கோப்பு செல்லுபடியாகப் பெட்டியை அணைக்கக்கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் இரவு முழுவதும் புரண்டுகொண்டிருந்தோம்.

இளைஞருக்கு இதில் குழப்பமே இல்லை. "ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மட் பண்ணிட்டு, பெட்டியைக் கம்பெனியில கொடுத்து புதுசா ஏத்திடலாம் சார். எப்படியும் உள்ள ஒண்ணும் இல்லையே" என்றார். உள்ளே ஒன்றும் இல்லை என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டோம். "நீங்கதானே சார் சொன்னீங்க" என்றார்.

அன்றிரவு சாத்தான்குளம் நினைவுக்கு வந்தது. 2020 சூன் 19 அன்று, ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி செயராசு, பென்னிக்சு என்ற தந்தையும் மகனும் காவல் நிலையத்தில் பிடித்து வைக்கப்பட்டார்கள். சில நாள்களுக்குள் இருவரும் அடுத்தடுத்து இறந்தார்கள். மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டு, கோவில்பட்டி நீதித்துறை நடுவரை நிலையத்துக்கு அனுப்பியது. அவர் அளித்த அறிக்கையில் ஒரு தொழில்நுட்ப வரி உண்டு. அப்போதே படித்துவிட்டு மறக்க முடியாமல் போன வரி. நிலையத்துக் கேமராக்களின் வன்தட்டில் 1 டெராபைட் அளவுக்குப் போதுமான இடம் இருந்தது. ஆயினும் பதிவுகள் ஒவ்வொரு நாளும் தாமாகவே அழிந்துவிடும்படி அமைப்பு வைக்கப்பட்டிருந்தது. 19-ஆம் தேதி மாலை தொடங்கிய பதிவு எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை. இடம் போதாமல் பழையது அழிவது வேறு. இடம் கிடக்க, தினமும் அழியும்படி யாரோ ஒருவர் பட்டியலில் போய் ஒரு கட்டத்தைத் தேர்ந்தெடுத்திருப்பது வேறு.

அதே ஊரில், கடைவீதியில், பக்கத்துக் கடையொன்றின் கேமரா பதிந்த காட்சி சில நாள்களில் வெளியே வந்தது. கடைவாசலில் இருவரும் தகராறு செய்து தரையில் புரண்டார்கள் என்று முதல் தகவல் அறிக்கை சொன்னதற்கும் அந்தக் காட்சிக்கும் பொருத்தமில்லை. சட்டம் பயின்றவர்கள் வைத்த கண் ஒன்று. வியாபாரி திருட்டுக்குப் பயந்து மாட்டிய கண் ஒன்று. அந்த வழக்கின் விசாரணை நடந்ததும் நம் ஊரில்தான், மாவட்ட நீதிமன்றத்தில்.

அவ்வாண்டு திசம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம், பரம்வீர் சிங் சைனி வழக்கில், நாட்டின் ஒவ்வொரு காவல் நிலையத்திலும் வாசல், சிறைக்கொட்டடி, நடைவழி எல்லாவற்றிலும் இரவிலும் பார்க்கும், ஒலியையும் பதியும் கேமராக்கள் வேண்டும் என்றது. பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும். சந்தையில் அத்தகைய கருவி கிடைக்காவிட்டால் கிடைப்பதில் அதிகபட்சம், எப்படியும் ஓராண்டுக்குக் குறையக்கூடாது. நம் கல்லூரிக் கணக்கை வைத்துப் பார்த்தால், 18 மாதத்துக்கு ஒரே ஒரு கேமராவுக்கு 12 டெராபைட் ஆகிறது. ஆகட்டுமே. ஆனால் 2025 செப்டம்பரில் அதே நீதிமன்றம், நிலையங்களில் கேமராக்கள் இயங்காமல் கிடப்பது பற்றித் தானாகவே மறுபடி வழக்கு எடுக்க வேண்டியதாயிற்று.

நம்மை அன்றிரவு உறங்கவிடாமல் செய்தது இந்த ஒப்பீடுதான். காவல் நிலையத்தில் பதிவு இல்லையென்றால் அது காவலருக்குச் சாதகம். கல்லூரியில் பதிவு இல்லையென்றால் அது காவலாளிக்குப் பாதகம். கருவி ஒன்றுதான், வெற்றிடமும் ஒன்றுதான். அதற்கு உரை எழுதுகிறவர் யார் என்பதில்தான் வேறுபாடு. உரையாசிரியர்களோடு இருபது ஆண்டுகளாகக் குடித்தனம் நடத்தும் நமக்கே இது எட்டு மின்கலம் காணாமல் போனபிறகுதான் புலப்பட்டது.

வியாழக்கிழமை காலை இளைஞர் வந்தபோது, மூன்றாம் கோப்பை அனுப்புவதற்கு முன், சைக்கிள் கொட்டகைக் கேமராவை ஒரு கை பார்ப்பதாகச் சொன்னார். அது மாதக்கணக்கில் குருடாக இருந்தது. ஏணியில் ஏறி, மூடியைக் கழற்றி, சின்னஞ்சிறு பொத்தானை ஊசியால் அழுத்தியபடியே கம்பியைச் செருகி, பதினைந்து விநாடி பிடித்தார். வெறுமனே அழுத்தினால் ஆகாதாம். மின்சாரம் உள்ளே வரும் அந்தக் கணத்தில் விரல் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். கீழே வந்து பெட்டியில் பார்த்தால் கேமரா தென்படவில்லை. "இதுவும் ரீசெட் ஆகல சார்" என்றார். பிறகு ஏதோ தோன்றி, மடிக்கணினியை நேரடியாக இணைத்துத் தேடினார். கேமரா அங்கே சுகமாக இருந்தது. மீட்டமைப்பு நடந்திருக்கிறது, ஆனால் ஆலையில் பிறந்தபோது இருந்த முகவரிக்குப் போய்விட்டிருக்கிறது. நம் வளாகத்து வலையின் முகவரி வரிசை வேறு. ஆகவே பெட்டியின் கண்ணுக்குப் படவில்லை. கல்யாணமாகிப் போன பெண்ணைப் பிறந்த வீட்டில் தேடுவோம். இங்கே பிறந்த வீட்டுக்குத் திரும்பிவிட்டவளைப் புகுந்த வீட்டில் தேடிக்கொண்டிருந்தோம்.

திரையில் கொட்டகையும் வேப்பமரமும் தெரிந்தன. மேல் மூலையில் ஒரு தேதி: 1970 சனவரி 1, காலை 8 மணி சில நிமிடம்.

"தம்பி, இது என்ன தேதி?"

"எல்லாம் மறந்துட்டா அதுதான் சார் முதல் தேதி. கம்ப்யூட்டருக்கு அங்கிருந்துதான் எண்ணிக்கை. லண்டன்ல நடுராத்திரி. சீனா நேரத்துல எட்டு மணி. ஆலையில அந்த நேரத்துக்குத்தான் வெச்சிருப்பாங்க."

"நம் நேரத்துக்கு?"

"அஞ்சரை."

பதிவுப் பெட்டிக்கும் கடிகாரம் உண்டா என்று கேட்டோம். உண்டு, மின்சாரம் போனாலும் ஓடுவதற்கு உள்ளே நாணயம் அளவில் ஒரு மின்கலம் இருக்கும். அது தீர்ந்துபோயிருந்தால்? இளைஞர் நம்மைப் பார்த்தார். நாம் அவரைப் பார்த்தோம். அலுவலகக் கணினிக்கு ஓடினோம். 'ஓடினோம்' என்பதை இலக்கிய வழக்காகக் கொள்ள வேண்டாம்.

நாட்காட்டியில் ஆண்டைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போய் 1970-இல் நிறுத்தினோம். சனவரி 1, 2, 3, 4. நான்கு தேதிகளின் அடியிலும் நீலப் புள்ளி.

நடந்தது இதுதான். சனிக்கிழமை இரவு மழையில் மின்சாரம் போய்த் திரும்பியிருக்கிறது. கடிகார மின்கலம் தீர்ந்திருந்ததால் பெட்டி எல்லாவற்றையும் மறந்து 1970 சனவரி 1, அதிகாலை 5.30-இலிருந்து எண்ணத் தொடங்கியிருக்கிறது. வழக்கமாக இணையத்தில் நேரம் கேட்டுச் சரிசெய்துகொள்ளும். விடுமுறை என்று அலுவலகத்தில் இணைய இணைப்பை அணைத்துவிட்டுப் போயிருந்தார்கள். புதன்கிழமை காலை 9.10-க்கு அதை ஒருவர் போட்டார். பெட்டி உடனே அக்டோபர் 22-க்குத் தாவியது. தவறான தேதியை யாரும் கண்ணால் பார்க்கவே இல்லை. பெட்டி ஒரு விநாடிகூட நிறுத்தப்படவில்லை. மூன்று நாளாக நாம் கேட்டுக்கொண்டிருந்த மீட்டமைப்பே தேவைப்பட்டிருக்கவில்லை.

இனித் தேதியைக் கணிக்க வேண்டும். 1970-இன் கடைசிச் சட்டம் சனவரி 4, மாலை 5 மணி. அடுத்த சட்டம் அக்டோபர் 22, காலை 9.10. திரை நேரத்தோடு 16 மணி 10 நிமிடம் கூட்டினால் நம் நேரம். மின்சாரம் திரும்பியது சனிக்கிழமை இரவு 9.40. சரிபார்க்க ஒன்று வேண்டுமே என்று, சனவரி 2 நண்பகல் 11.50-ஐத் திறந்தோம். நண்பகல் என்று எழுதிய திரையில் கும்மிருட்டு. மதிலுக்கு அப்பால் ஒளித் தெறிப்புகள். தீபாவளி விடியல், மணி நான்கு.

இந்த ஊரைப் பற்றி இந்த வேலையை முன்பே செய்தவர் ஒருவர் இருக்கிறார். மதுரை எரிந்த நாளைச் சிலப்பதிகாரம் ஆடித் திங்கள், தேய்பிறை எட்டாம் நாள், கார்த்திகை, வெள்ளிக்கிழமை என்று குறிக்கிறது. எல். டி. சாமிக்கண்ணுப் பிள்ளை இந்த நான்கையும் வானியல் கணக்கில் பொருத்திக் கி.பி. 756 என்றார். வைகை வெள்ளத்தைப் பாடும் பரிபாடலின் பதினோராம் பாட்டுக்கும் கோள்நிலை கொண்டு கி.பி. 634 என்று நாள் சொன்னார். ஏற்காதவர்கள் பலர். வகுப்பில் நாமும் அரைமனத்தோடுதான் சொல்லி வந்திருக்கிறோம். தவறான நேரம் பதிந்த திரையின் முன் உட்கார்ந்திருந்த அந்த வியாழக்கிழமை, அவர்மேல் புதிதாக ஒரு பிரியம் வந்தது.

சனவரி 3, காலை 9.20. அதாவது அக்டோபர் 21, பின்னிரவு 1.30. பின்பக்கக் கதவுக் கேமராவில் ஒரு சிறிய சுமை ஆட்டோ வந்து நின்றது. இருவர் இறங்கினார்கள். ஒருவர் சட்டைப் பையிலிருந்து சாவி எடுத்துத் திறந்தார். நான்கு முறை போய் வந்தார்கள், ஒவ்வொரு முறையும் ஆளுக்கொரு மின்கலம். அதே நிமிடங்களில் முன்வாசல் கேமராவில் பெரியவர் நாற்காலியில், குடையை மடியில் வைத்துக்கொண்டு, சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சாவி வைத்திருந்தவரை நமக்கு அடையாளம் தெரிந்தது. குழுவுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று, இங்கே எழுதுவதற்கில்லை. பழைய புகார்க் கடிதம் கிழிக்கப்பட்டது. யாரும் பெரியவரிடம் வருத்தம் தெரிவித்ததாகத் தெரியவில்லை. நாணய மின்கலம் நாற்பது ரூபாய்க்குள் கிடைத்தது. இளைஞர் தம் பணத்தில் வாங்கிப் போட்டார். திருப்பிக் கொடுத்தால் வாங்கவில்லை.

வியாழன் மாலையே இரண்டு பிரதிகள் எடுத்து, ஒன்றை முதல்வர் அறையிலும் ஒன்றை நம் மேசையிலும் வைத்தோம். பிறகு வாசலுக்குப் போய்ப் பெரியவரிடம் செய்தியைச் சொன்னோம். அவர் பெரிதாக மகிழ்ந்துவிடவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"அய்யா, அன்னைக்கு ரெண்டு மணிக்கு மேல செத்த கண்ணசந்துட்டேன். அதுவும் அதுல இருக்குமா?"

இருந்தது. 2.10 முதல் 3.05 வரை. நாம் எடுத்த பிரதிகள் சரியாக இரண்டு மணியோடு முடிகின்றன. பெட்டியில் இருந்த மூலத்தை அடுத்த பதினொன்றரை நாளில் மழைக்கால வகுப்புகளின் காட்சிகள் மூடிவிட்டன.